புளிக்காத அப்பம், கசப்புக் கீரை, தேங்காய் மக்கரூன்: யூதர்களின் பாஸ்கா சமையல்

யூதர்களின் நாட்காட்டியில் நிசான் மாதம் 15ஆம் நாள், முழுநிலவு இரவில் பாஸ்கா பண்டிகை தொடங்குகிறது. எங்கள் கணக்கில் அது மார்ச் இறுதியிலோ ஏப்ரலிலோ வரும். இஸ்ரேலில் ஏழு நாட்களும், வெளியே வாழும் பெரும்பாலான யூதர்களிடையே எட்டு நாட்களும் கொண்டாடப்படுகிறது. எகிப்தில் அடிமைகளாக இருந்த முன்னோர் மோசேயின் தலைமையில் வெளியேறியதை நினைவுகூரும் நாட்கள் இவை. எங்கள் ஊர்க் கிறிஸ்தவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. கத்தோலிக்கர் பாஸ்கா என்றும் மற்றச் சபையினர் பஸ்கா என்றும் சொல்வார்கள். இயேசு சீடர்களோடு உண்ட கடைசி இராப்போசனம் பாஸ்கா விருந்துதான் என்று மூன்று நற்செய்திகள் சொல்கின்றன.

ஆனால் அந்த விருந்தில் என்ன சமைக்கிறார்கள், ஏன் சமைக்கிறார்கள் என்பது எங்களில் பலருக்குத் தெரியாது. மே மாதத்து முள்ளிவாய்க்கால் கஞ்சி பற்றி எழுதும்போதெல்லாம், உணவால் நினைவைக் காப்பாற்றிய வேறு மக்கள் யார் என்று தேடியிருக்கிறேன். தேடல் ஒவ்வொரு முறையும் பாஸ்கா மேசையிலேயே வந்து நின்றது. இரண்டு வருடங்களாக வாசித்தும், சில பதார்த்தங்களை என் குசினியில் செய்து பார்த்தும் சேர்த்தவற்றை இங்கே தருகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வன்னியில் வளர்ந்த என் வயதினருக்கு இஸ்ரேல் என்றதும் நினைவுக்கு வருவது கிபிர். 1996 முதல் இலங்கை வான்படை பறக்கவிட்ட அந்த விமானங்கள் இஸ்ரேலில் செய்யப்பட்டவை. அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பதுங்குகுழிக்குள் ஓடியவர்களுக்கு இந்தக் கட்டுரையின் தலைப்பே நெருடலாக இருக்கலாம். பாஸ்கா மேசை இஸ்ரேல் என்ற அரசை விடப் பல நூற்றாண்டுகள் மூத்தது. அது பெரும்பாலும் அரசு இல்லாத, நிலம் இல்லாத, துரத்தப்பட்ட மக்களின் வீடுகளில் வளர்ந்தது. அந்த வீடுகளின் சமையலைப் பற்றியே எழுதுகிறேன்.

புளிப்பை வெளியேற்றுதல்

பாஸ்கா சமையலின் அடிப்படை விதி ஒன்றுதான்: புளித்துப் பொங்கிய தானியம் வீட்டில் இருக்கக் கூடாது. கோதுமை, வாற்கோதுமை, றை, ஓட்ஸ், ஸ்பெல்ட் என்ற ஐந்து தானியங்களில் தண்ணீர் பட்டுப் புளித்த எதற்கும் ஹமேட்ஸ் என்று பெயர். பாண், பணிஸ், பிஸ்கற், கேக், பியர், நூடில்ஸ் எல்லாம் இதற்குள் வரும். எகிப்தை விட்டு அவசரமாகப் புறப்பட்டவர்களுக்கு மாவைப் புளிக்க வைக்க நேரம் இருக்கவில்லை என்று வேதம் சொல்கிறது. அந்த அவசரத்தை மறக்காமல் இருக்கத்தான் இந்தத் தடை.

இதனால் பண்டிகைக்கு முந்திய வாரங்கள் துப்புரவு வேலையிலேயே கழியும். அலமாரி, மேசை லாச்சி, சட்டைப் பை வரை தூள் தட்டுவார்கள். பலர் இந்த எட்டு நாட்களுக்கென்று தனிச் சட்டி பானை, தனித் தட்டுகள் வைத்திருப்பார்கள். முதல் நாளுக்கு முந்திய இரவு மெழுகுதிரி வெளிச்சத்தில் கடைசித் துண்டைத் தேடி எடுத்து, மறுநாள் காலை எரிப்பார்கள்.

பாணுக்குப் பதிலாக உண்பது மாட்சா. தமிழ் வேதாகமத்தில் நாங்கள் வாசிக்கும் புளிப்பில்லாத அப்பம் இதுதான். மாவும் தண்ணீரும் தவிர வேறெதுவும் இல்லை. மாவில் தண்ணீர் பட்டதிலிருந்து சுட்டு முடிக்கும் வரை 18 நிமிடங்களுக்கு மேல் போகக் கூடாது. அதற்கு மேல் போனால் புளிக்கத் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. மெல்லியதாக உருட்டி, முள்ளால் குத்தித் துளையிட்டு, கடும் சூட்டில் சுடுவார்கள்.

1838இல் பிரான்சின் அல்சாஸ் பகுதியில் மாட்சா செய்யும் இயந்திரம் வந்தது. பின்னர் கிழக்கு ஐரோப்பாவில் அதை எதிர்த்த மதகுருமார் முன்வைத்த காரணங்களில் ஒன்று, கையால் மாட்சா செய்து பிழைக்கும் ஏழைகளின் வருமானம் போய்விடும் என்பது. பண்டிகைச் செலவுக்கு அந்தச் சில வாரக் கூலியையே நம்பியிருந்த குடும்பங்கள் இருந்தன.

அரிசி விடயத்தில் யூதர்களுக்குள்ளேயே இரண்டு வழக்கங்கள் உண்டு. ஜேர்மனி, போலந்து, ரஷ்யப் பகுதிகளில் வாழ்ந்த அஷ்கெனாசி யூதர்கள் அரிசி, பருப்பு, சோளம், கடுகு ஆகியவற்றையும் தவிர்த்தார்கள். ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட செபார்டி யூதர்களும் மத்திய கிழக்கு யூதர்களில் பெரும்பாலானோரும் அரிசி உண்டார்கள். 2015 டிசெம்பரில் அமெரிக்காவின் கொன்சர்வேற்றிவ் யூதப் பிரிவின் சட்டக்குழு, அஷ்கெனாசியரும் இவற்றை உண்ணலாம் என்று தீர்மானித்தது. அதன் பிறகும் பாட்டிமார் வழியை விடாதவர்கள் பலர்.

எங்களுக்குப் பக்கத்தில், கேரளத்தின் கொச்சி யூதர்களும் அரிசி உண்பவர்கள். மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட அவர்களது தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது. டிசெம்பர் பண்டிகையான ஹனுக்கா முடிந்த கையோடு அவர்களின் பாஸ்கா வேலை தொடங்கிவிடும். ஒரு கோதுமை மணியும் கலந்துவிடாமல் பெண்கள் அரிசியை மணி மணியாகப் பார்த்து எடுத்து வைப்பார்கள். மகாராஷ்டிரக் கரையோரத்தில் வாழ்ந்த பெனே இஸ்ரேல் யூதர்கள் இந்தப் பண்டிகைக்கு மராத்தியில் வைத்த பெயரின் பொருள், புளிப்புச் சாடியை மூடும் பண்டிகை என்பது.

தட்டில் இருப்பவை

முதல் இரவு விருந்துக்கு சேடர் என்று பெயர். 'ஒழுங்கு' என்பது அதன் பொருள். ஹகடா என்ற சிறு நூலை எல்லோரும் கையில் வைத்துக்கொண்டு, அதில் உள்ள வரிசைப்படி வாசித்து, உண்டு, குடித்து, பாடுவார்கள். அமெரிக்காவில் மெக்ஸ்வெல் ஹவுஸ் கோப்பி நிறுவனம் 1932 முதல் இந்த நூலை இலவசமாக அச்சடித்துக் கொடுக்கிறது. விளம்பரத்துக்காகத் தொடங்கியது, பல தலைமுறைகளின் வீட்டுப் பிரதியாகிவிட்டது.

மேசை நடுவில் ஒரு தட்டு. அதில் உள்ள ஒவ்வொன்றும் கதையின் ஒரு பகுதி.

மாரோர்: கசப்புக் கீரை. அடிமை வாழ்வின் கசப்பு. ஐரோப்பாவில் காரமான ஹோர்ஸ்றடிஷ் கிழங்கைத் துருவி வைப்பார்கள். மற்ற இடங்களில் சலாது இலை.

கர்பாஸ்: பார்ஸ்லி, செலறி போன்ற பச்சை இலை. வசந்தத்தின் அடையாளம். அதை உப்புத் தண்ணீரில் தோய்த்து உண்பார்கள். உப்புத் தண்ணீர் கண்ணீர். பச்சை இலை முளைக்காத குளிர் நாடுகளில் அவித்த உருளைக்கிழங்கைத் தோய்த்தார்கள்.

ஹரோசெத்: பழமும் பருப்பும் சேர்ந்த களி. செங்கல் அறுத்த சேற்றைக் குறிப்பது.

சுட்ட ஆட்டெலும்பு: ஆலயத்தில் பலியிடப்பட்ட பாஸ்கா ஆட்டின் நினைவு. எலும்பை யாரும் உண்பதில்லை. ஆலயம் இடிக்கப்பட்டுவிட்டதால் அந்த இரவில் வாட்டிய ஆட்டிறைச்சியைத் தவிர்க்கும் குடும்பங்களும் பல.

முட்டை: ஆலயக் காலத்துப் பண்டிகைப் பலியின் நினைவு. துக்க வீட்டில் கொடுக்கும் உணவும் முட்டைதான்.

இவற்றோடு மூன்று மாட்சா, ஆளுக்கு நான்கு கிண்ணம் திராட்சை மது. பிள்ளைகளுக்கு திராட்சைச் சாறு. வாசிப்பின் தொடக்கத்திலேயே, பசித்தவர் எவரும் வந்து உண்ணலாம் என்ற அழைப்பு இருக்கிறது. அடுத்து, வீட்டின் கடைசிப் பிள்ளை எழுந்து, இந்த இரவு மற்ற இரவுகளிலிருந்து ஏன் வேறுபடுகிறது என்று கேட்க வேண்டும். பெரியவர்கள் கதை சொல்லத் தொடங்குவது பிள்ளை கேட்ட பிறகுதான். ஒரு மாட்சாத் துண்டை ஒளித்து வைத்து, கண்டுபிடித்த பிள்ளைக்குப் பரிசு கொடுப்பார்கள். இரவு நீளும்போது பிள்ளைகள் தூங்கிவிடாமல் இருக்கச் செய்த வழி அது.

எகிப்தியர் மீது விழுந்த பத்து வாதைகளின் பெயரைச் சொல்லும்போது, ஒவ்வொன்றுக்கும் கிண்ணத்திலிருந்து ஒரு துளி மதுவை எடுத்துத் தட்டில் விடுவார்கள். எங்கள் விடுதலைக்காக இன்னொரு கூட்டம் துன்பப்பட்டது, அதனால் எங்கள் கிண்ணம் நிறைந்திருக்கக் கூடாது என்பது இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். இந்தச் சடங்கில் என்னை அதிகம் யோசிக்க வைத்த இடம் இது.

ஹரோசெத் செய்யும் முறைகள்

ஒரே பெயரில் உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான செய்முறைகள். எந்த நாட்டில் எது விளைந்ததோ அதுவே சேறாகியது.

அஷ்கெனாசி முறை: மூன்று அப்பிளைச் சிறிதாக வெட்டவும். ஒரு கப் வால்நட் பருப்பைக் கொத்திச் சேர்க்கவும். ஒரு தேக்கரண்டி கறுவாத் தூள், ஒரு மேசைக்கரண்டி தேன், மூன்று மேசைக்கரண்டி இனிப்பான சிவப்புத் திராட்சை மது அல்லது திராட்சைச் சாறு விட்டுக் கலந்து ஒரு மணித்தியாலம் ஊற விடவும். அடுப்பு தேவையில்லை.

செபார்டி முறை: 250 கிராம் பேரீச்சம்பழத்தைக் கொட்டை நீக்கி, மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு மெல்லிய தீயில் 20 நிமிடம் அவிக்கவும். மசித்து, ஆறியதும் அரைக் கப் வால்நட் அல்லது பாதாம் கொத்திச் சேர்க்கவும். நிறத்திலும் பதத்திலும் உண்மையாகவே களிமண் போல இருக்கும்.

ஈராக் யூதர்கள் பேரீச்சம்பாகை வடித்து, மேலே வால்நட் தூவுவார்கள். பெனே இஸ்ரேல் யூதர்களும் கொச்சி யூதர்களும் பேரீச்சம்பாகையே பயன்படுத்துவார்கள். மொரோக்கோவில் பேரீச்சம்பழம், பிளம்ஸ், பருப்பு சேர்த்துச் சிறு உருண்டைகளாக உருட்டுவார்கள். எங்கள் வீட்டில் நான் செய்தவற்றில் அம்மாவுக்குப் பிடித்தது பேரீச்சம்பழ முறைதான். வால்நட் விலை கட்டாததால் கஜு போட்டேன், நன்றாகவே இருந்தது.

மாட்சா உருண்டை சூப்

அஷ்கெனாசி வீடுகளில் சேடர் என்றால் இந்த வாசனைதான். உருண்டைக்கு நைட்லாக் என்று பெயர். மாட்சாவை இடித்த மாவால் செய்வது.

மாட்சா மா ஒரு கப், முட்டை நான்கு, கோழிக்கொழுப்பு அல்லது எண்ணெய் கால் கப், கோழிச்சாறு கால் கப், உப்பு ஒரு தேக்கரண்டி. எல்லாவற்றையும் கலந்து மூடி, குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மணித்தியாலம் வைக்கவும். கையை நனைத்து, சிறு தேசிக்காய் அளவில் மெதுவாக உருட்டவும். அழுத்தி உருட்டினால் கல்லாகிவிடும். உப்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்து உருண்டைகளைப் போட்டு, தீயைக் குறைத்து மூடி, 30 முதல் 40 நிமிடம் அவிக்கவும். இடையில் மூடியைத் திறக்க வேண்டாம். இரண்டு மடங்காக ஊதும்.

சூப்புக்கு ஒன்றரைக் கிலோ கோழி, மூன்று லீற்றர் தண்ணீர், இரண்டு வெங்காயம், நான்கு கரட், செலறித் தண்டு, மிளகு, உப்பு. நுரையை எடுத்தெடுத்து இரண்டு மணித்தியாலம் மெல்லிய தீயில் வைத்து வடிக்கவும். பரிமாறும்போது சூப்பில் உருண்டையைப் போடவும். உருண்டை மிதக்க வேண்டுமா, அடியில் தங்க வேண்டுமா என்பது குடும்பத்துக்குக் குடும்பம் தீராத விவாதம்.

மாட்சா எங்கள் கடைகளில் கிடைக்காது. சுவை தெரிந்துகொள்வதற்காக நான் கோதுமை மாவைத் தண்ணீரில் குழைத்து, கடதாசி போல உருட்டி, காய்ந்த தோசைக்கல்லில் இரு பக்கமும் மொறுமொறுப்பாகச் சுட்டு, உரலில் இடித்து எடுத்தேன். மதவிதிப்படி அது பாஸ்காவுக்கு உகந்ததாகாது. சுவைக்கு அது போதும்.

மற்றப் பிரதான பதார்த்தங்கள்

மாட்சா பிரை: பண்டிகை நாட்களின் காலை உணவு. இரண்டு மாட்சாவை உடைத்து ஒரு நிமிடம் தண்ணீரில் ஊறவிட்டுப் பிழிந்து, அடித்த இரண்டு முட்டையில் புரட்டி, பட்டரில் கிளறிப் பொரிப்பது. சிலர் உப்பும் மிளகும் போடுவார்கள், சிலர் சீனி தூவுவார்கள். எங்கள் முட்டைக் கொத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று சொல்லலாம்.

மினா: துருக்கி, கிரேக்க செபார்டி வீடுகளின் அடுக்குப் பை. நனைத்த மாட்சாவுக்கு இடையில் வதக்கிய இறைச்சியோ, கீரையும் சீஸுமோ வைத்து, மேலே முட்டை ஊற்றி அவணில் சுடுவது. இறைச்சியையும் பாலுணவையும் ஒன்றாகச் சேர்ப்பதில்லை.

பழுப்பு முட்டை: வெங்காயத் தோலோடு முட்டையைப் பல மணித்தியாலம் மெல்லிய தீயில் அவிப்பது. வெள்ளைக்கரு பழுப்பாகி, சுட்ட வாசனை வரும். செலவில்லாத பண்டம்.

கெபில்டே மீன்: முள் நீக்கி அரைத்த நன்னீர் மீன் உருண்டை. போலந்து வழியினர் சீனி சேர்ப்பார்கள், லித்துவேனியா வழியினர் மிளகு சேர்ப்பார்கள்.

இனிப்பு வகைகள்

மா இல்லை, ஈஸ்ட் இல்லை என்ற கட்டாயம் பாஸ்கா இனிப்புகளைத் தனி வழியில் வளர்த்தது. மாவின் இடத்தைப் பருப்புத் தூளும் தேங்காயும் பிடித்தன. பொங்க வைக்கும் வேலையை அடித்த முட்டை செய்தது.

தேங்காய் மக்கரூன்: முதலில் இது இத்தாலியிலிருந்து வந்த பாதாம் பண்டம். உலர்தேங்காய்த் துருவல் கப்பலில் மேற்கே போகத் தொடங்கிய பிறகு பாதாமின் இடத்தைத் தேங்காய் எடுத்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதி தொட்டு அந்தத் துருவலை ஏற்றுமதி செய்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. மூன்று முட்டையின் வெள்ளைக்கரு, முக்கால் கப்பை விடச் சற்றுக் குறைவான சீனி, ஒரு சிட்டிகை உப்பு, சிறிது வனிலா ஆகியவற்றை நுரைக்க அடிக்கவும். 250 கிராம் உலர்தேங்காய்த் துருவலைச் சேர்த்துப் பத்து நிமிடம் விடவும். சிறு குவியல்களாக எண்ணெய்க் கடதாசியில் வைத்து, 160 பாகை செல்சியசில் 20 முதல் 25 நிமிடம், விளிம்பு பொன்னிறமாகும் வரை சுடவும். பச்சைத் தேங்காய்ப்பூ என்றால் முதலில் வெறும் தாச்சியில் ஈரம் போக வறுத்துக்கொள்ள வேண்டும்.

தோடம்பழப் பாதாம் கேக்: இதை உலகறியச் செய்தவர் கிளோடியா ரோடன். 1936இல் கெய்ரோவில் பிறந்த யூதப் பெண். 1956 சூயஸ் நெருக்கடிக்குப் பிறகு எகிப்திய யூதர்கள் பெருந்தொகையாக நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. அவரது பெற்றோரும் இலண்டனுக்கு வந்தார்கள். இனி எப்போது காண்போமோ என்ற நிலையில் உறவினர்கள் ஒருவருக்கொருவர் கேட்டு எழுதிய சமையல் குறிப்புகளை அவர் சேர்த்தார். 1968இல் அவை மத்திய கிழக்கு உணவு பற்றிய நூலாக வந்தன. எகிப்தை விட்டு வெளியேறியதைக் கொண்டாடும் பண்டிகைக்கு, எகிப்தை விட்டு மனமில்லாமல் வெளியேறியவர்கள் காப்பாற்றிய கேக் இது.

இரண்டு தோடம்பழங்களைத் தோலோடு ஒன்றரை முதல் இரண்டு மணித்தியாலம் அவிக்கவும். ஆறியதும் விதை நீக்கித் தோலோடு அரைக்கவும். ஆறு முட்டையை அடித்து, 250 கிராம் பாதாம் தூள், 250 கிராம் சீனி, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைத்த பழம் சேர்த்துக் கலக்கவும். 190 பாகையில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். பேக்கிங் பவுடர் கூடாதே என்று நினைக்கலாம். தடை தானியம் புளிப்பதற்குத்தான், மருந்துத் தூளால் வரும் காற்றுக்கு அல்ல. கோதுமை, சோள மா கலக்காத பாஸ்கா பேக்கிங் பவுடர் தனியாக விற்கிறார்கள்.

பொருள் கிடைக்காத காலங்களில்

1862இல், அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவே, மேற்கு வேர்ஜீனிய மலைப்பகுதியில் முகாமிட்டிருந்த ஒஹாயோ படைப்பிரிவின் யூத வீரர்கள் சேடர் நடத்தினார்கள். மாட்சா ஊரிலிருந்து வந்தது. மதுவுக்குப் பதிலாக அப்பிள் சைடர். கசப்புக்குக் காட்டில் கிடைத்த ஒரு களை. ஹரோசெத் செய்ய எதுவும் கிடைக்காததால், ஒரு செங்கல்லையே மேசையில் வைத்தார்கள். அந்தப் படைவீரர்களில் ஒருவரே 1866இல் இதைப் பத்திரிகையில் எழுதினார்.

1943இல் வார்சோ கெற்றோவுக்குள் ஜேர்மன் படைகள் நுழைந்தது ஏப்ரல் 19ஆம் திகதி, பாஸ்காவுக்கு முந்திய நாள். கெற்றோ எழுச்சி அன்று தொடங்கியது. மறு ஆண்டு பேர்கன்-பெல்சன் முகாமில் இருந்தவர்களுக்கு மாட்சா இல்லை. கிடைத்த சிறு பாண் துண்டையும் விட்டால் சாவு. அங்கிருந்த மதகுருமார் ஒரு செபத்தை எழுதினார்கள். உமது கட்டளையைக் காக்கவே விரும்புகிறோம், ஆனால் உயிரைக் காப்பதும் உமது கட்டளையே என்ற பொருள்பட அது அமைந்தது. அதைச் சொல்லிவிட்டுத் தடைசெய்யப்பட்ட பாணை உண்டார்கள்.

அப்பத்துக்கு வழக்கு

1960களின் தொடக்கத்தில் சோவியத் ஒன்றியத்தில் அரச வெதுப்பகங்கள் மாட்சா செய்வது பல நகரங்களில் நிறுத்தப்பட்டது. மக்கள் வீடுகளில் ஒளித்துச் சுட்டார்கள். 1963இல் மொஸ்கோவில், மாட்சா செய்து விற்றார்கள் என்று சிலர் மீது வழக்கு நடந்தது. மாவும் தண்ணீரும் குற்றச்சாட்டாகின.

இதை வாசித்தபோது எனக்கு சம்பூர் ஞாபகம் வந்தது. 2024 மே மாதம், திருகோணமலை சம்பூரில் முள்ளிவாய்க்கால் கஞ்சி வழங்கியதற்காக மூன்று பெண்கள் உட்பட நால்வர் கைதுசெய்யப்பட்டார்கள். கஞ்சிக்குப் பொலிஸார் நீதிமன்றத் தடை உத்தரவு பெற்றிருந்தார்கள். அரிசியும் உப்பும் தண்ணீரும். அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு மாட்சாவும் கஞ்சியும் என்ன சொல்கின்றன என்பது நன்றாகவே விளங்குகிறது.

மேசையில் இன்றைய சண்டை

விடுதலைக் கதை யாருக்கெல்லாம் என்ற கேள்வி பாஸ்கா மேசையில் பழையது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட முதலாம் ஆண்டு நிறைவான 1969 ஏப்ரல் 4ஆம் திகதி, ஆர்தர் வாஸ்கோ என்ற செயற்பாட்டாளர் எழுதிய புதிய ஹகடாவோடு வொஷிங்டனில் ஒரு கறுப்பினத் தேவாலயத்தில் சேடர் நடந்தது. யூதரும் கிறிஸ்தவருமாக ஏறத்தாழ 800 பேர் உட்கார்ந்தார்கள்.

2023 ஒக்டோபர் 7க்குப் பிறகு சண்டை வீட்டுக்குள் வந்துவிட்டது. ஹமாஸ் பிடித்துச் சென்ற பணயக்கைதிகளுக்காகப் பல குடும்பங்கள் ஒரு கதிரையை வெறுமையாக விட்டன. காஸாவில் பல்லாயிரக்கணக்கான பலஸ்தீனர் கொல்லப்படுவதைக் கண்ட வேறு யூதர்கள், தட்டில் ஒலிவ் காயைச் சேர்த்தார்கள். 2024 ஏப்ரல் 23ஆம் திகதி, பண்டிகையின் இரண்டாம் இரவில், நியூயோர்க்கின் புரூக்ளினில் நூற்றுக்கணக்கான யூதர்கள் தெருவில் சேடர் நடத்தி, இஸ்ரேலுக்கு ஆயுதம் கொடுப்பதை நிறுத்தக் கேட்டார்கள். பலர் கைதானார்கள். 2025 ஓகஸ்டில் காஸா நகரப் பகுதியில் பஞ்சம் நிலவுவதாக ஐ.நா. ஆதரவுடன் இயங்கும் ஐபிசி அமைப்பு உறுதிசெய்தது. பசித்தவரை அழைத்துத் தொடங்கும் ஒரு விருந்துக்கு இதைவிடக் கடினமான சோதனை இருக்க முடியாது. ஒரு மக்களின் துயர நினைவு, அடுத்தவர் துயரத்துக்குக் கண்ணைத் திறக்கவும் செய்யும், மூடவும் செய்யும். இரண்டும் ஒரே மேசையில் நடக்கின்றன.

எழுதி வைத்தவை

செக் நாட்டின் தெரேசியன்ஸ்டாட் முகாமில் பட்டினி கிடந்த பெண்கள், ஒருவருக்கொருவர் பழைய சமையல் குறிப்புகளைச் சொல்லி எழுதி வைத்தார்கள். அவர்களில் ஒருவரான மினா பெக்டர் 1944இல் அங்கேயே இறந்தார். இறப்பதற்கு முன், தன் மகளிடம் சேர்க்கும்படி அந்தத் தாள்களை நண்பர் ஒருவரிடம் கொடுத்தார். பலர் கைமாறி, ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்குப் பின் நியூயோர்க்கில் இருந்த மகளிடம் அவை சேர்ந்தன. 1996இல் நூலாக வந்தன. சில குறிப்புகளில் அளவு விடுபட்டிருக்கிறது, சிலவற்றில் ஒரு பொருளே இல்லை. பசியில் எழுதியவை அப்படித்தான் இருக்கும். அந்த விடுபாடுகளும் சேர்ந்ததே சாட்சியம்.

பாஸ்கா மேசையிலிருந்து நாங்கள் எடுத்துக்கொள்ளக்கூடியவை என்று எனக்குப் படுபவை இரண்டு. முதலாவது, பிள்ளை கேள்வி கேட்பதற்கென்று நேரம் ஒதுக்குவது. மே மாதத்தில் சிரட்டையில் கஞ்சியை வாங்கிக் குடிக்கும் பத்து வயதுப் பிள்ளை, இது ஏன் இவ்வளவு தண்ணியாக இருக்கிறது, ஏன் தேங்காய்ப்பால் இல்லை என்று கேட்டால், அதட்டாமல் உட்கார்ந்து பதில் சொல்ல ஒரு பெரியவர் வேண்டும். இரண்டாவது, எழுதி வைப்பது. மாத்தளனில், வலைஞர்மடத்தில், முள்ளிவாய்க்காலில் அந்தக் கஞ்சியைக் காய்ச்சியவர்கள் இன்னும் எங்களோடு இருக்கிறார்கள். ஒரு கிடாரத்துக்கு எத்தனை கிலோ அரிசி, எத்தனை வாளி தண்ணீர், தண்ணீர் எங்கிருந்து, விறகு என்ன, வரிசையில் எத்தனை பேர், அரிசி முடிந்த நாளில் எதைப் போட்டார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். அளவு சரியாக ஞாபகம் இல்லை என்று அவர் சொன்னால், அதையும் அப்படியே எழுதுங்கள்.